ஜீப் சப்பரம் ஏறிய நாள்

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் ஒன்று மலைப்பாதையில் இருந்தது. சேற்றில் எந்த வண்டி சிக்கினாலும் அதுதான் இழுத்துக் கரையேற்றும். ஒருநாள் அதுவே மக்கர் செய்து நின்றுவிட்டது. அதைப் பட்டறைக்குக் கூட்டிப்போக முதுகு தட்டையான லாரி ஒன்று வந்தது.

“முதுகுல ஏறு தம்பி.”

“நான் என்ன பிணமா? முன்காலை மட்டும் தூக்கிக்கட்டி இழுங்கண்ணே. பின்காலால நடந்தே வர்றேன்.”

ஜீப்பின் வயிற்றுக்குள்ளிருந்து கியர்பாக்ஸ் அலறியது. “அப்பனே, உன் நாலு காலையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறவன் நான்! ரெண்டு கால் அந்தரத்துல நிக்க, ரெண்டு கால் நடந்தா, நடுவுல நான் பொடிப்பொடியாயிடுவேன்!”

ஜீப் லாரியின் முதுகில் ஏறியது. “கடைவீதியை மட்டும் வேகமா தாண்டிடுங்கண்ணே, மானம் போகுது,” என்று கெஞ்சியது.

கடைவீதியில் முதலில் பார்த்தது மினிபஸ். போன மழையில் ஜீப்தான் அதைப் பள்ளத்திலிருந்து மீட்டது. “அடேய், நம்ம ஜீப்பண்ணன் சாமி மாதிரி சப்பரத்துல வர்றாருடா!” என்று ஹாரன் அடித்தது. பால்வண்டி அடித்தது, காய்கறி வேன் அடித்தது, ஜீப் கைகொடுத்த அத்தனை வண்டிகளும் ஒதுங்கி நின்று அடித்தன. வீதியே அதிர்ந்தது.

ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

“அண்ணே,” என்றது லாரியிடம், “கொஞ்சம் மெதுவாவே போங்க.”