வேலையை விட்ட காரணம்

"இந்த மனுஷனுக்குப் பிழைக்கவே தெரியல சார்" என்றபடி விண்ணப்பத்தைத் தலைமை கேப்டன் பக்கம் நகர்த்தினாள் ஹெச்.ஆர். மேனேஜர்.

'பழைய வேலையை விட்ட காரணம்' என்ற கட்டத்தில் எல்லா விமானிகளும் 'சொந்தக் காரணம்' என்று எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். இந்த ஆளோ, 'கேப்டன் சொல்லியும் விமானத்தில் ஏற மறுத்தேன், நீக்கிவிட்டார்கள்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

பதினொரு வருஷமாக இன்டர்வியூ நடத்துகிறாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"கூப்பிடும்மா. எவ்வளவு திமிர்னு பார்ப்போம்" என்றார் தலைமை கேப்டன்.

உள்ளே வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை, காலர்தான் நைந்திருந்தது. பறந்த மணிக்கணக்கு எழுதும் லாக்புக்கை மேசைமேல் வைத்தார். கடைசிப் பதினாலு மாதத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா உங்களை யாரும் இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிட மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார். இது எனக்கு ஏழாவது இன்டர்வியூ."

"என்ன நடந்தது?"

"கிளம்பறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்திப் பார்த்தேன் சார். ஒரு டயர் தேஞ்சு நூல் தெரிஞ்சுது. நான் கோ-பைலட். கேப்டன்கிட்ட சொன்னேன். 'போற ஊர்ல மாத்திக்கலாம், ஏறு'ன்னார். நூத்தி அறுபது பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் ஏறல."

"அப்புறம்?"

"நாலு மணி நேரம் தாமதம். டயரை மாத்தினாங்க. மறுநாள் என்னையும் மாத்திட்டாங்க."

"அந்த டயர் வெடிச்சிருக்கும்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"எப்படி சார் முடியும்? அதான் மாத்திட்டாங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமை கேப்டன் சிரிக்கவில்லை.

அந்த நிறுவனத்தில் எல்லோரிடமும் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'உங்கள் கேப்டன் தப்புப் பண்ணினால் என்ன செய்வீர்கள்?' அன்று காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலை ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். 'முதலில் மரியாதையாகச் சொல்வேன். கேட்காவிட்டால் அழுத்திச் சொல்வேன். அதற்கும் கேட்காவிட்டால் தடுப்பேன்.' ஒருவர் விடாமல் முழு மார்க் போட்டிருந்தார் தலைமை கேப்டன்.

இவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மதியம் சிமுலேட்டர் என்ற போலி விமான அறையில் சோதனை. புயல் காற்று, ஓர் இன்ஜின் அவுட், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத மழை. அத்தனையும் பொம்மைதான் என்றாலும் மற்றவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த ஆள் அலட்டிக்கொள்ளாமல் இறக்கிவிட்டு, சீட்டைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"பொன்னான கைம்மா" என்று தலைமை கேப்டனே முணுமுணுத்தார்.

"அப்போ எடுத்துக்கலாமே சார்? மார்க்குலயும் இவர்தான் முதல்ல நிக்கறார்."

"அவசரப்படாதே. இவர் வந்தா மாசத்துக்கு நாலு ஃப்ளைட் தரையில நிக்கும். மேல இருக்கறவங்களுக்கு நானா பதில் சொல்றது? பதில் தெரிஞ்ச ஆள் போதும்மா. செஞ்சு காட்டற ஆள் வேணாம்."

'எனக்கு இதில் சம்மதமில்லை' என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுத அவளுக்கு உரிமை இருந்தது. பேனாவைத் திறந்தாள். தலைமை கேப்டன் சொன்ன இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு மூடினாள்.

'தங்கள் நேர்மையையும் திறமையையும் மிகவும் பாராட்டுகிறோம். ஆயினும்...' என்று கடிதம் போனது.

இரண்டாம் நாள் அந்த விமானியே அவளுக்குப் போன் செய்தார்.

"எதுல குறைஞ்சேன் மேடம்? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

"போட்டி ரொம்ப அதிகம் சார்."

"அந்தக் கட்டத்துல சொந்தக் காரணம்னு மாத்தி எழுதச் சொல்லி வீட்டுக்காரி அழறா. மாத்தணுமா மேடம்?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. இல்லை என்று சொல்ல யோக்கியதை இல்லை. "வேற கால் வருது சார்" என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் தலைமை கேப்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என் பொண்ணு கைக்குழந்தையோட புருஷன்கிட்டப் போறா. டிக்கெட் போடணும்."

"நம்ம ஃப்ளைட்ல உங்க குடும்பத்துக்கு இலவசமாச்சே சார்! இப்பவே போட்டுடறேன்."

"நம்மளது வேணாம்மா."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டயர்காரர் இப்ப எந்தக் கம்பெனியில இருக்கார்னு விசாரி. அவர் என்னைக்கு ஓட்டறாரோ, அந்த ஃப்ளைட்ல காசு கொடுத்தே போட்டுடு."

"நான் முன்னாடியே விசாரிச்சுட்டேன் சார்" என்றாள் அவள். "எல்லா கம்பெனியும் அவரை நம்மள மாதிரியே பாராட்டித் திருப்பி அனுப்பிடுச்சு. அவர் இப்ப எதையும் ஓட்டறதில்ல."