புது மணல்

கரையில் மூன்று பேர் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். மேலே தார்ப்பாய். காற்று அதன் ஓரத்தைத் தூக்கும்போதெல்லாம் ஒரு முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் ஜவுளிக்கடைப் பொம்மைகள். கடைவீதியில் புகுந்த புயல் வாரிக்கொண்டு போனவை, இப்போது மணலோடு திரும்பி வந்திருந்தன. சாயம் போய் வெள்ளை வெளேரென்று கிடந்தன. மூன்றுக்கும் கை இல்லை; உடம்பு தோளோடு வழவழவென்று முடிந்திருந்தது.

"கையை எப்படிப் பிடுங்கிட்டுப் போயிருக்கு பாரு, இந்தப் பாழாப்போன கடலு!" என்றார் மேஸ்திரி.

புயல் தின்ற கடற்கரையை நிரப்பும் வேலை. புயல் ஆற்று முகத்துவாரத்தில் கொண்டுபோய்க் குவித்த மணலை லாரிகள் அள்ளி வந்து கொட்டும். புல்டோசர்காரன் அதைத் தள்ளிப் பரப்புவான்.

அவனுக்கு முதல் நாளிலிருந்தே பயம். தங்கை புருஷன் புயலன்று படகை இழுத்துக் கட்டப் போனவன், வீடு திரும்பவில்லை. எங்கேயாவது கரையேறியிருப்பார் என்று அவள் இன்னமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவனோ ஒவ்வொரு குவியலையும் முட்டுமுன் கும்பிட்டுக்கொள்வான். மச்சானை என் கையாலேயே தோண்டி எடுக்க வைத்துவிடாதே சாமி என்பதுதான் அவனுடைய ஒரே வேண்டுதல்.

அன்று ஒரு குவியலை முட்டியதும் மணல் சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வெள்ளையாக நீட்டிக்கொண்டு நின்றது.

"மேஸ்திரி!" என்று கத்தினான். மறுபடியும் கத்தினான்.

ஓடிவந்த மேஸ்திரி குவியலுக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க! அந்த மூணுக்கும் கை எங்கேன்னு கேட்டோமே, இதோ ஒண்ணு வந்து நிக்குது."

"இறங்கிப் பாத்துடலாமாண்ணே?"

"பாரேன், யாரு வேணாங்கறா? பின்னாடி வரிசையா லாரி நிக்குது. அலை ஏறுறதுக்குள்ள பரப்பலைன்னா இன்னைக்குக் கொட்டினது அத்தனையும் கடலுக்குத்தான்."

அவன் இருக்கையை விட்டு எழவில்லை. பொம்மை என்று பெரியவரே சொன்ன பிறகு, போய்ப் பார்த்து வம்பை விலைக்கு வாங்குவானேன்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு லீவரைத் தள்ளினான். கை மணலுக்குள் போனது. அடுத்தடுத்த லாரிகள் அதன் மேலேயே கொட்டின.

வேலை முடிந்தபோது கரை பாய் விரித்தது மாதிரி சமமாக இருந்தது. அவனுக்கும் போன உயிர் திரும்பியிருந்தது. தங்கை போன் செய்தாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணா?"

"ஒண்ணும் இல்லம்மா. இன்னைக்கும் மணல் மட்டும்தான். நீ பயப்படாம ரெண்டு வாய் சாப்பிடு."

போனை வைத்ததும் அவனுக்கே சிரிப்பு வந்தது. பொம்மைக் கைக்குப் பயந்த கதை வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

ஜவுளிக்கடைக்காரர் வேனில் வந்து இறங்கினார். தார்ப்பாயை விலக்கி, ஒவ்வொரு பொம்மையையும் புரட்டிப் புரட்டித் துடைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே, முழுசா வந்துடுச்சே!"

"எங்கே முழுசா? கையெல்லாம் மணலுக்குள்ள போயிடுச்சு முதலாளி. எங்களைக் கோவிச்சுக்காதீங்க" என்றார் மேஸ்திரி.

கடைக்காரர் புரியாமல் நிமிர்ந்தார்.

"கையா? எங்க பொம்மைக்குக் கையே கிடையாதுங்களே."