பரிதியின் ஆட்டம்

தொடரின் சிறந்த வீரர் யார் என்று தேர்வுக்குழுவின் மூவரும் ஒரு மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஹென்றி பந்துவீச்சாளர் ஃபாரூக்கைச் சொன்னார்.

"பரிதிதான் சார்," என்றார் வரதன். "செத்து நாலு வருஷமாச்சு, இன்னமும் எழுநூறு ரன் அடிக்கிறான்!"

பரிதியின் மூளையிலிருந்து நகலெடுத்து வைத்த ஆட்டத்தை இப்போது ஓர் இயந்திர உடல் ஆடியது. மூன்றாவது ஓட்டு, முன்னாள் வீராங்கனை செங்கமலத்தினுடையது. பரிதி அவள் மகன். விலகிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியும் குழு விடவில்லை. இறந்தவருக்கு உறவு கிடையாது என்றது விதி.

இறுதிப்போட்டியில் சதம் அடித்ததும் அந்த உடல் அவளைப் பார்த்து இடது முழங்கையைத் தேய்த்தது. வலி தாங்காதபோது பரிதி அவளுக்கு மட்டும் காட்டும் சைகை அது. பரிசு கிடைத்தால் அணி அவனை இன்னும் ஐந்து வருடம் ஆடவைக்கும்.

"ஃபாரூக்," என்றாள் செங்கமலம்.

"பெத்த பிள்ளைக்கு எதிராவா மேடம்?" என்றார் வரதன்.

"அவனுக்கு வலிக்குது சார். போதும், விட்டுருங்க."

ஃபாரூக் பரிசு வாங்கினான். அடுத்த மாதமே அணி பரிதியின் ஆட்டத்தை ஒரு பயிற்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டது. செங்கமலம் போய்ப் பார்த்தாள். முப்பது வலைகளிலும் முப்பது இயந்திர உடல்களில் பரிதியே ஆடிக்கொண்டிருந்தான். அவுட் கொடுக்க அங்கே நடுவர் யாரும் இல்லை.