‘பிறகு’ ஃபோல்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: வீட்டிலிருந்தே வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர், அவள் கணவன், ஐந்து வயது மகள். அவள் இன்பாக்ஸில் நாலாயிரம் மெயில்கள் குவிந்து கிடந்தன. விளம்பரங்களை அழித்தாள். வாடிக்கையாளர்களுக்கு இரண்டே வரியில் பதில் போட்டாள். கடைசியாக ‘பிறகு’ என்ற ஃபோல்டருக்கு வந்தாள். கணவன் அனுப்பும் ஜோக்குகள் வேலையைக் கெடுப்பதால், அவன் மெயிலெல்லாம் நேராக அங்கே போகும்படி அவள்தான் செய்துவைத்திருந்தாள்.

“உங்க மொக்கை ஜோக்கையெல்லாம் ஒழிச்சுக்கட்டப் போறேன்!” என்று கூவினாள்.

“படிக்காம அழிச்சிடு,” என்றான் கூடத்திலிருந்து.

படித்தாள். திங்கட்கிழமை மெயில்: “போன் தொலைஞ்சுபோச்சு. வேலை இழுக்குது. ஞாயித்துக்கிழமைதான் வருவேன்.” புதன்கிழமை: “ஏம்மா, பதிலே காணோம்? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?” கடைசி மெயில் வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது: “வேலை முடிஞ்சுது. இப்ப ரயிலுக்குக் கிளம்பறேன்.”

கணவன் செவ்வாய்க்கிழமையே ஊரிலிருந்து திரும்பிவிட்டான். காய்ச்சலில் கிடந்த மகளை அன்றிலிருந்து அவன்தான் பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டான்.

“பாப்பா, அம்மாகிட்ட வா,” என்றாள்.

“அம்மா வேலை பாக்கட்டும் செல்லம். நாம உள்ள போயிடலாம்.”

மகள் சிரித்துக்கொண்டே அவனுக்கு முன்னால் படுக்கையறைக்குள் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.