இருபது எண்ணும் வரை

கதவுக்கு அந்தப் பக்கம் தம்பியின் குறட்டை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அவனுக்காகப் பாலை ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கதவருகில் போய் நின்றாள். மதியம் மணி இரண்டரை.

தம்பிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி இன்றோடு ஐந்து நாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. அதை வைத்துக்கொண்டுதான் மனுஷன் பதினைந்து வருஷம் கிரேன் ஓட்டியிருக்கிறான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கேபினிலேயே கண் அசந்துவிட்டான். கீழே ஆறு பேர், அவர்கள் தலைக்கு மேல் இரும்பு உத்தரம். யார் செய்த புண்ணியமோ, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வியாதி தீர்ந்தால்தான் இனி கேபினில் ஏறலாம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே குறட்டையே போன பாடில்லை. வேலை போனால் போகிறது, உயிருக்கு என்ன செய்வது?

"வீக்கம் வடியற வரைக்கும் ஜாக்கிரதையா இருங்க," என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே நர்ஸ் சொல்லியிருந்தாள். "மூச்சு நின்னா எண்ணுங்க. இருபதைத் தாண்டினா தட்டி எழுப்பிடுங்க. அப்புறம், ரெண்டு வாரத்துக்கு இவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தையல் பிரிஞ்சா ரத்தம் லேசுல நிக்காது."

பேசக் கூடாதவன் கூப்பிடுவதற்காகக் கட்டில் சட்டத்தில் ஒரு பழைய சைக்கிள் மணியை மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே தரையில் விரித்துப் படுத்து, அவனுக்குக் காவல் இருப்பது தம்பி மனைவி.

காவல் என்று பேருக்குத்தான். அவள் உட்கார்ந்த இடத்தில் தூங்குவாள். அடுப்பில் பால் பொங்கும்போதும் தூங்குவாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். கேட்டால், "பதினெட்டு வருஷமா உங்க தம்பி விடற குறட்டைல நான் எங்க அண்ணி தூங்கினேன்?" என்பாள்.

காலையில்கூட இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு.

"நாலு நாளா மத்தியானம் பூரா குறட்டை. நடுநடுவுல மூச்சே இல்ல. ஒரு தடவையாவது எழுப்பினியா நீ?"

"நான் முழிச்சிருந்த வரைக்கும் சத்தமே இல்ல அண்ணி. பச்சைக் குழந்தை மாதிரி தூங்கினார்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அப்படியா சொன்னேன்? வலி மருந்தைக் குடிச்சிட்டு, அடிச்சுப் போட்ட மாதிரி கிடந்தார். இன்னிக்கு அதையும் நிறுத்தியாச்சு. அவரைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்க அண்ணி."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஒத்தாசைக்கு வந்தவளுக்கு இது தேவைதான் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

மருந்தை நிறுத்தி என்ன பிரயோஜனம்? இதோ, குறட்டை ஏறி ஏறிப் போய்ப் பட்டென்று நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அக்கா விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டில் ஒரு திணறல் கேட்டது, பின்னாலேயே குறட்டை. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உள்ளே சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது. குறட்டை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தூக்கத்தில் கை பட்டிருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

மறுபடி நின்றது. இந்தத் தடவை பதினெட்டு. "எழுப்பேன்டி," என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். கதவுப் பிடியில் கையை வைத்தாள், எடுத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிற அறை. காலையில் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

குறட்டை வந்தது, நாலைந்து மூச்சு ஓடியது, நின்றது.

பத்து. பதினைந்து. பதினெட்டு.

இருபது.

சைக்கிள் மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கை பட்டு அடிக்கிற மணி இல்லை அது. மூச்சு முட்டி எழுந்துவிட்டான், வாய்விட்டுக் கூப்பிட முடியாமல் துடிக்கிறான். இத்தனை சத்தத்துக்கும் அந்த மகராசி எழுந்திருக்கவில்லையே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி நின்றது. தரையில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

கூச்சமாவது ஒன்றாவது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கட்டில் காலி. தம்பி கீழே, மனைவியின் விரிப்பருகே மண்டியிட்டிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் வாயைத் திறந்தான்.

"பேசாதேடா, தையல் பிரிஞ்சுடும்," என்று அக்கா அவன் வாயைப் பொத்தப் போனாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். ஐந்து நாள் கழித்து முதல் தடவையாக அவன் குரல், உதட்டோரம் கசிந்த ரத்தத்தோடு வெளியே வந்தது.

"நான் முழிச்சுட்டுதான்க்கா இருந்தேன், இவளுக்குத்தான் மூச்சு வரல."