இரண்டு கையும் பட்டனில்

அம்பத்தூர் வெயில் மனநல கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே, நாற்காலியில் முதுகு விறைத்து உட்கார்ந்திருக்கிறாள் சிம்ரன். டெக்னீஷியன் நிஷா அவள் தலையோரம் பொருத்திய, மூளையைத் தூண்டும் காந்தச் சுருள் டக் டக் டக்கென்று தட்டுகிறது. காதை அடைத்திருந்தும் அச்சு அசல் கம்பெனியில் அவள் ஓட்டும், தகடு வெட்டும் பிரஸ் மிஷின் சத்தம். பட்டன் பழுதான பக்கத்து மிஷினில், கூட வேலை செய்யும் கோமளாவின் விரல்கள் நசுங்கிய நாளிலிருந்து, யாராவது கதவைத் தட்டினாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறவள் இவள். அந்தப் பயத்துக்குத்தான் இந்த வைத்தியம். "தாங்கலேன்னா கையத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்று நிஷா முதலிலேயே சொல்லியிருக்கிறாள். புருவம் துடிக்கிறது, கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது, கை மட்டும் எழவில்லை. கம்பெனியில் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை விலகினாலும் நின்றுவிடும். அதே அமுக்கலாக நாற்காலியின் கைப்பிடிகளை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். சுவரோரம் நிற்கும் புருஷன் ஜெகதீசனுக்குப் பொறுக்கவில்லை. "போதும்மே, தூக்கு!" என்று தன் கையைத் தூக்கிக் காட்டுகிறான். தட்டல் ஓயும் சின்ன இடைவெளியில் அவள் அவனை முறைக்கிறாள். "கம்முனு நில்லுய்யா. இத்தினி மாசம் அதுக்கு பயந்துகினு கட்டிலுக்கடியில கெடந்தேன். இன்னிக்கி அத்த நிறுத்துறது என் கையில கீது. ஓடட்டும்."