கடைசிப் பாகம்

பழைய தொடர் முழுவதும் டிவிடியாக வந்திருப்பது தெரிந்ததும் சேலத்திலிருந்து வரவழைத்தவள் ராசாத்தி. இப்போது கடைசி டிஸ்க்கைப் புடவைத் தலைப்பால் துடைக்கிறாள். ஜன்னலில் பனிமூட்டம் வெளுப்பாக அப்பியிருக்கிறது. அது டிவியில் ஓடிய காலத்தில் அவள் புருஷனிடம் கோபித்துக்கொண்டு, மலைமேல் கரடியூரில் தாய் வீட்டில் இருந்தபோது, கரண்ட் போய்க் கடைசிப் பாகம் தவறிவிட்டது. அடிவாரத்தில் பார்த்துவிட்டு வந்த கணவர் பெரியண்ணன்தான், நாயகி புருஷனை மன்னித்துத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவளும் திரும்பினாள்.

"அதுல கீறல் இருக்குது புள்ள, உட்டுரு," என்கிறார் அவர், வாசலில் நின்றபடியே.

"நீங்க தொடவே இல்லீங்களே," என்று டிஸ்க்கைப் போடுகிறாள். திரையில் நாயகி பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். பஸ் போய்விடுகிறது, பெயர்கள் ஓடுகின்றன.

"ஏனுங்க, அவ திரும்பவே இல்லீங்களே?"

"முடியறதுக்குள்ள நான் எந்திரிச்சு உங்கம்மா ஊட்டுக்கு ஓடியாந்துட்டேன்."

இதையாவது நம்பலாமா என்று, திரை வெளிச்சத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் ராசாத்தி.